மாப்பிள்ளையின் பெல்ட்டும் என் இடது சப்பாத்தும்

எனக்கு விதிமுறைகள் பிடிக்கும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும், ஆனாலும் உண்மை அதுதான். மின்தூக்கிக்குள் ஏறினால் எத்தனை பேர் ஏறலாம் என்ற பலகையை வாசித்து, உள்ளே நிற்கிறவர்களை எண்ணிப் பார்க்கிற ஆள் நான். தொழிலும் அப்படித்தான் வாய்த்தது. ஜேர்மனியில், ஹனோவரில் வாகனப் பரிசோதகன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆட்கள் காரைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்துவார்கள். நான் அடியில் புகுந்து தட்டிப் பார்த்து, சரி என்றால் இலக்கத் தகட்டில் ஒரு வட்ட ஸ்டிக்கர் ஒட்டுவேன். சரியில்லை என்றால், அழுதாலும் ஒட்டமாட்டேன். உலகத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு ஸ்டிக்கர் இருந்தால் எவ்வளவு நிம்மதி என்று இப்போதும் நினைப்பதுண்டு.

இந்தக் குணம் கார்களுக்கு நல்லது. தங்கச்சியின் கலியாணத்துக்கு அவ்வளவு நல்லதல்ல என்பதை நான் தெரிந்துகொண்ட விதத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

தங்கச்சி நிருஜா எர்லாங்கனில் வேலை செய்தபோது டங்கன் என்ற ஸ்கொட்லாந்துப் பொடியனை விரும்பினாள். அப்பா எட்டு மாதம் அவளோடு கதைக்கவில்லை. ஒன்பதாம் மாதம் டங்கன் எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பாவுக்குப் பக்கத்தில் சோபாவில் இருந்து, ஐந்து மணி நேரம் கிரிக்கெட் பார்த்தான். ஒன்றும் விளங்கியதாகத் தெரியவில்லை. ஆனால் எழும்பிப் போகவில்லை. அவன் போனபிறகு அப்பா தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, "பொடியனுக்குப் பொறுமை இருக்கு" என்றார். எங்கள் வீட்டில் அதுதான் நிச்சயதார்த்தம்.

பிறகு உடுப்புப் பிரச்சினை வந்தது. அப்பாவுக்குப் பட்டு வேட்டியும் தலைப்பாவும் வேண்டும். டங்கனின் அம்மா ஐலீன், புருஷனை இழந்தவர், டங்கன் அவருக்கு ஒரே பிள்ளை. தொலைபேசியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: மகன் கில்ட் கட்டவேண்டும். (ஸ்கொட்லாந்து ஆண்கள் கட்டுகிற, கட்டம்போட்ட கம்பளிப் பாவாடை. பாவாடை என்று அவர்கள் முன்னால் சொல்லிவிடாதீர்கள்.) இரண்டு கிழமை இழுபறிக்குப் பிறகு நிருஜா தீர்ப்புச் சொன்னாள்.

"இடுப்புக்குக் கீழை அவை. தலைக்கு மேலை நாங்கள். இதுக்குமேலை ஆரும் கதைக்கக்கூடாது."

அப்பா ஒத்துக்கொண்டார். ஆனால் அன்று பின்னேரம் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, நீதான் தோழன். அந்த மனிசி தனிச்சு வாறா. எங்கட சபையிலை அவவுக்கு ஒரு மனக்குறை வந்துதெண்டால் அது நாங்கள் செய்த பிழை. டங்கனை ஒழுங்காக் கூட்டிவந்து மணவறையிலை இருத்திறது உன்ர பொறுப்பு."

எங்கள் முறையில் பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைத் தோழன். மாப்பிள்ளை தங்கியிருக்கும் இடத்துக்குப் போய் அவனை அழைத்துவந்து, வாசலில் கால் கழுவி உள்ளே கொண்டுபோக வேண்டும். கால் கழுவிய தோழனுக்கு மாப்பிள்ளை ஒரு மோதிரம் போடுவான். வேலை அவ்வளவுதான். ஒரு சாதாரண மனிதனுக்கு இது அரை மணித்தியால வேலை. நான் ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்கினேன்.

டங்கன் கில்ட்டை உடுத்திப் பார்த்து ஒரு படம் அனுப்பியிருந்தான். இடுப்பில் அகலமான கறுப்புத் தோல் பெல்ட், தேநீர்த் தட்டு அளவில் ஒரு வெள்ளிக் கொளுக்கி. அதே படத்தில் அவனுக்குப் பக்கத்தில் நின்ற அவனுடைய மச்சானும் கில்ட்தான் கட்டியிருந்தான். ஆனால் பெல்ட் இல்லை. நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு பேரில் ஒருவன் பிழை. யார்?

வேட்டிக்கு பெல்ட் கட்டலாமா என்று எங்களில் ஒருவரும் கேட்பதில்லை. கட்டாவிட்டால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். நான் ஒட்டு வேட்டி கட்டி, அதற்கு மேலே காற்சட்டை பெல்ட்டை இறுக்கி, அதற்கு மேலே சால்வையையும் சுற்றுகிறவன். ஆனால் கில்ட்டைப் பற்றி வாசிக்க வாசிக்க அதிசயமாக இருந்தது. எட்டு கஜத் துணி, கூறைச் சேலையை விட நீளம். பின்பக்கம் முழுக்க மடிப்பு. பக்கவாட்டில் சின்னச் சின்ன வார்களும் கொளுக்கிகளும் வைத்துத் தைத்திருக்கிறார்கள், அவைதான் அதைத் தாங்குகின்றன. பெல்ட்டுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அப்படியென்றால் எதற்காகக் கட்டுகிறார்கள்? வேலை செய்யாத ஒரு பாகம் வண்டியில் தொங்கினால் கழற்றச் சொல்வதுதான் என் தொழில். எனக்கு நித்திரை குறைந்தது.

எடின்பரோவில் கில்ட் வாடகைக்குக் கொடுக்கும் ஒரு கடைக்கு அழைத்துக் கேட்டேன். எடுத்த பெண்மணி மிகவும் அன்பாக, "விருப்பமென்றால் கட்டலாம், விருப்பமில்லை என்றால் விடலாம்" என்றார். இதெல்லாம் ஒரு பதிலா? இணையத்தில் தேடினேன். கில்ட் கட்டுகிறவர்கள் கூடிச் சண்டை பிடிக்கிற இடங்கள் இருக்கின்றன (நம்புங்கள், எங்கள் தமிழ்ச் சங்கக் கூட்டங்கள் தோற்றுவிடும்). வெறும் சட்டையோடு என்றால் பெல்ட் அழகு என்றார்கள் சிலர். என்ன போட்டாலும் கட்டுவோம் என்றார்கள் சிலர். கடைசியில் ஒரு கறாரான மனிதர் எழுதியிருந்தார்: கோட்டுக்கு உள்ளே வெயிஸ்ட்கோட் என்ற கையில்லாச் சட்டை போட்டால் பெல்ட் கட்டக்கூடாது, இரண்டில் ஒன்றுதான். எனக்குக் கண் கலங்காத குறை. அது சரியா பிழையா என்று நான் பார்க்கவில்லை. அது விதி மாதிரி இருந்தது, எனக்கு அது போதும்.

டங்கன் வெயிஸ்ட்கோட் போடுவதாக இருந்தான்.

எத்தனையோ பேரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். கடைக்காரியிடம், முகம் தெரியாத மனிதர்களிடம், வேலையிடத்தில் எடின்பரோவுக்கு ஒருமுறை சுற்றுலா போய்வந்த ஒரு ஜேர்மன்காரியிடமும்கூட. பெல்ட்டைக் கட்டியிருந்தவனிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கலியாணம் எங்கள் நகரத்துக் கோவிலில். டயர் மாற்றும் பட்டறைக்கும் கம்பளக் கிடங்குக்கும் நடுவில், முன்பு ஏதோ களஞ்சியமாக இருந்த கட்டடம். காலையில் நான் விடுதிக்குப் போனபோது டங்கன் தயாராக நின்றான். கில்ட், வெயிஸ்ட்கோட், கோட், இடுப்பில் அந்த பெல்ட், முன்னால் சங்கிலியில் தொங்கும் சின்னத் தோல் பை. அவன் தலையில் நான் தலைப்பாவை வைத்தேன். ஐலீன் கொஞ்சம் தள்ளி நின்று மகனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கிட்ட வந்து கொளுக்கியைக் கைக்குட்டையால் ஒருமுறை துடைத்துவிட்டு, உறவினர்களோடு வேறு காரில் ஏறினார். அதை நான் பார்த்தேன். பார்த்தும் என் மண்டைக்குள் ஒன்றும் ஏறவில்லை.

காருக்குள் நானும் டங்கனும் ஜேர்மனில் கதைத்துக்கொண்டு போனோம். நிருஜா அவனுக்கு அவசரத்துக்கு ஒரே ஒரு தமிழ்ச் சொல் பழக்கியிருந்தாள்: "ஓம்." கோவிலில் யார் என்ன சொன்னாலும் ஓம் சொல்லு, மிச்சத்தை அண்ணா பார்ப்பான் என்றிருக்கிறாள். பாவி.

கோவில் நடையில், சப்பாத்துத் தட்டுக்கு முன்னால் வைத்து, "பெல்ட்டைக் கழற்றவேண்டும்" என்றேன்.

அவன் கை கொளுக்கிக்குப் போனது. "நிச்சயமாகவா?"

"நிச்சயம். வெயிஸ்ட்கோட்டோடு அது கட்டக்கூடாது." அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு விதி போதாது என்று பட்டதோ என்னவோ, "தோலும்கூட. கோவிலுக்குள் தோல் சாமான் கொண்டுபோகக்கூடாது" என்று இரண்டாவது விதியையும் அந்த இடத்திலேயே இயற்றினேன். அப்படிப் பார்த்தால் பையும் தோல்தான், ஆகவே அதையும் கழற்றச் சொன்னேன்.

டங்கன் இரண்டையும் கழற்றி என் கையில் தந்தான். பிறகு "ஓம்" என்றான்.

தோல் சாமான் எங்கே இருக்கவேண்டும்? எங்களுக்கு அதில் சந்தேகமே வராது, சப்பாத்தோடு. ஆனால் நானூறு பேர் வருகிற இடம், வெள்ளிக் கொளுக்கி, யாராவது எடுத்துவிட்டால்? யோசித்தேன். பெல்ட்டைச் சுருட்டி என் இடது சப்பாத்துக்குள்ளும், பையை வலது சப்பாத்துக்குள்ளும் இறுக்கி வைத்தேன். நாற்பத்துநாலாம் அளவுச் சப்பாத்து, மூன்று வருடம் பழசு. இதற்குள் எவன் கை விடுவான் என்று எனக்கே என் மூளையை மெச்சத் தோன்றியது.

உள்வாசலில் பலகை போட்டிருந்தது. டங்கன் நீளக் கம்பளிக் காலுறைகளைக் கழற்றிவிட்டு ஏறி நின்றான். நாதஸ்வரம் தொடங்கியது. நான் செம்புத் தண்ணீரை ஊற்றி அவன் காலைக் கழுவினேன் (பாதி என் வேட்டிக்குப் போனது). அடுத்தது மோதிரம். அவன் இதை ஒரு மாதம் ஒத்திகை பார்த்தவன், கை தானாக முன்பக்கம் போனது. அங்கே பை இல்லை. முன்னும் பின்னும் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தான்.

"மோதிரம் பைக்குள்."

"எந்தப் பை?"

"நீ கழற்றின பை."

மாப்பிள்ளையை ஈரக் காலோடு பலகையில் நிற்கவிட்டு, சபையைப் பார்த்து ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டிவிட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நடைக்கு ஓடினேன். நாதஸ்வரக்காரர் நிலைமையை விளங்கிக்கொண்டு பாட்டை நீட்டினார்.

சப்பாத்துத் தட்டுக்கு முன்னால் ஐலீன் நின்றார். அவர்களுடைய கார் நிறுத்த இடம் கிடைக்காமல் சுற்றிவிட்டு அப்போதுதான் வந்திருக்கிறது. ஒரு காலில் சப்பாத்து, மற்றக் கால் வெறுங்கால். கையில் அந்த பெல்ட், கொளுக்கி சப்பாத்துக்கு வெளியே தெரிந்திருக்கவேண்டும். என் இடது சப்பாத்து வாயைப் பிளந்துகொண்டு அவர் காலடியில் கிடந்தது.

"இது ஏன் இதற்குள் இருந்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நான் என் இரண்டு விதிகளையும் வரிசையாகச் சொன்னேன். தோல். வெயிஸ்ட்கோட். சொல்லச் சொல்ல அவை சிறுத்துக்கொண்டே போயின.

"எங்கள் கலியாணத்தில் டங்கனின் அப்பா இதைத்தான் கட்டியிருந்தார்" என்றார். "அவரும் வெயிஸ்ட்கோட் போட்டிருந்தார்."

வெயிஸ்ட்கோட் விதி அந்த இடத்திலேயே செத்தது.

"உங்கள் கடவுளுக்குப் பிடிக்காது என்றால் பரவாயில்லை. நான் இதை வைத்துக்கொண்டு காரில் இருக்கிறேன். முடிந்தபிறகு கூப்பிடுங்கள்." கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். கழற்றிய சப்பாத்தை மறுபடி மாட்டிக்கொண்டு, பெல்ட்டை நெஞ்சோடு பிடித்தபடி வெளியே நடந்தார்.

அப்பா என்னிடம் ஒப்படைத்த ஒரே ஒரு காரியம் அந்தக் கதவால் வெளியே போய்க்கொண்டிருந்தது.

உள்ளே ஓடி அப்பாவைப் பிடித்து, காதோடு காதாக எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் முழுதும் கேட்டார்.

"கோவிலுக்கை தோல் கூடாதெண்டு ஐயர் சொன்னவரோ?"

"இல்லை."

"அப்ப ஆர் சொன்னது?"

அப்பா என் இடுப்புச் சால்வையை ஒரு விரலால் விலக்கினார். உள்ளே, ஒட்டு வேட்டிக்கு மேலே, என் காற்சட்டை பெல்ட். அசல் மாட்டுத்தோல்.

"உன்ர இடுப்பிலை கிடக்கிறது என்ன, வாழைநாரோ?"

ஐயருக்கு இதற்குள் விஷயம் போய்விட்டது. மணவறையில் இருந்தபடியே, "நான் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை, தம்பி. நேரம் போகுது, அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். பக்கத்தில் இருந்த தவில் அண்ணை தன் தவிலை ஒருமுறை தடவிக்கொண்டு, "தோல் கூடாதெண்டால் நான் றோட்டிலை இருந்தோ அடிக்கிறது?" என்று கேட்டார். முன்வரிசை சிரித்தது. பலகையில் நின்ற டங்கன் தன்னிடம்தான் ஏதோ கேட்கிறார்கள் என்று நினைத்து "ஓம்" என்றான்.

வெறுங்காலோடு வெளியே ஓடினேன். டயர்ப் பட்டறைக்கு முன்னால் முழுக்கச் சரளைக்கல். ஈர வேட்டி காலைச் சுற்றிக்கொண்டது. பட்டறை வேலையாட்கள் மூன்று பேர் கோப்பியோடு நின்று என்னைப் பார்த்தார்கள், அதில் ஒருவர் எனக்குத் தெரிந்தவர், அவர் தயவாக வேறு பக்கம் திரும்பினார். ஐலீன் காரின் பின்னிருக்கையில் கதவைத் திறந்துவைத்தபடி இருந்தார். பெல்ட் மடியில்.

"அப்படி ஒரு விதி இல்லை" என்றேன். "ஒருவரும் சொல்லவில்லை. நானாகச் சொன்னது." சால்வையை விலக்கி என் பெல்ட்டையும் காட்டினேன். முன்பின் பழக்கமில்லாத ஒரு பெண்மணிக்கு என் இடுப்பைத் திறந்து காட்டியது வாழ்க்கையில் அது ஒரே தடவை.

அவர் அதைப் பார்த்தார். என் கால்களைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"ஏன் சப்பாத்துக்குள் வைத்தாய்?"

"பத்திரமாக இருக்கும் என்று."

ஐலீன் பெல்ட்டை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார். முகம் ஒருமாதிரிப் போனது. பிறகு தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் கையைப் பிசைந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீரும் வந்தது, அது எதற்கு வந்தது என்று நான் கேட்கவில்லை. "அவர் இருந்திருந்தால் ஒரு கிழமைக்குச் சிரித்திருப்பார்" என்று சொல்லிவிட்டு, எழும்ப என் கையைப் பிடித்தார்.

நாங்கள் உள்ளே வரும்போது டங்கன் இருபது நிமிடமாக அதே பலகையில் நின்றுகொண்டிருந்தான். (அப்பா சொன்னது சரி, பொடியனுக்குப் பொறுமை இருக்கிறது.) ஐலீன் நேராக அவனிடம் போய், வெயிஸ்ட்கோட்டுக்கு மேலாக, அந்தக் கறாரான மனிதர் பார்த்தால் மயங்கி விழும்படி, பெல்ட்டை மகனின் இடுப்பில் சுற்றினார். முன்னால் நின்ற கூட்டத்தை விலகச் சொல்லி ஐயர் கையை உயர்த்தினார். தவில் அண்ணைக்கு ஐயரின் கை உயர்ந்தால் ஒரே அர்த்தம்தான். கெட்டிமேளம் அடித்துவிட்டார்.

எங்கள் சனத்துக்குக் கெட்டிமேளம் கேட்டால் கை சும்மா இராது. நானூறு பேரும் எழும்பி நின்று பூவையும் அட்சதையையும் எறிந்தார்கள். ஐலீன் கொளுக்கியை மாட்டிவிட்டு நிமிர்ந்தபோது தலை முழுக்க மஞ்சள் அரிசி. தனக்காகத்தான் எல்லாரும் எழும்பி நிற்கிறார்கள் என்று நினைத்து, அந்த மனிசி கையைக் கூப்பினார். பின்வரிசையில் ஒரு அக்கா பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது:

"அவையளிலை மாப்பிள்ளைக்குத்தானோ தாலி?"

"ஓமாக்கும். தாய்தான் கட்டுறது போலை."

யாரும் திருத்தவில்லை. எனக்கு அன்று யாரையும் திருத்தும் தகுதி இருக்கவில்லை. அவசரமாக வலது சப்பாத்துக்குள்ளிருந்து மோதிரத்தை எடுத்துவந்து டங்கனிடம் கொடுத்து, அவன் அதை எனக்கே போட, ஒரு வழியாக மாப்பிள்ளையை மணவறையில் கொண்டுபோய் இருத்தினேன்.

அன்றிலிருந்து வீட்டில் நான் எதையாவது "இப்படித்தான் செய்யவேண்டும்" என்று தொடங்கினால், யாராவது ஒருவர், "ஐயர் சொன்னவரோ?" என்று கேட்பார். சோறு வடிக்கவும், குப்பை பிரிக்கவும், கார் டயர் மாற்றவும் (அது என் தொழில்!) இதே கேள்விதான். ஐலீனுக்குத் தெரிந்த ஒரே தமிழ் வசனமும் அதுதான். தொலைபேசியில் எனக்கு வணக்கம் சொல்வதற்குப் பதில் அதைத்தான் சொல்வார்.

நாலு வருடம் கழித்து அதே கோவிலில் எனக்குக் கலியாணம். நான் பட்டு வேட்டியோடு பலகையில் நின்று கால் கழுவி முடித்து, உள்ளே போகக் காலெடுத்தேன். ஐயர் தடுத்தார்.

"பொறுங்கோ. ஸ்கொட்லாந்து அம்மா இன்னும் பெல்ட் கட்டேல்லையே?"

"ஐயா, அது எங்கட முறை இல்லை—"

"ஐயர் சொல்லிப்போட்டார்" என்றார் அப்பா. "கட்டுங்கோ."

ஐலீன் கைப்பையைத் திறந்தார். கொண்டுதான் வந்திருக்கிறார். சனம் பூவோடு எழும்பி நின்றது, தவில் அண்ணை குச்சியை ஓங்கியபடி காத்திருந்தார். பெல்ட்டை என் இடுப்பில் சுற்றினார், எட்டவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்தேன், அப்போதும் கடைசி ஓட்டைக்கு இரண்டு விரல் குறைந்தது. கில்ட் கட்டி வந்திருந்த டங்கன் குனிந்து, காலுறைக்குள் இருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்தான். அவர்களுடைய உடுப்பில் அதுவும் ஒரு பாகமாம். தன் கலியாணத்தன்றும் அது அங்கேதான் இருந்தது, காலுறையோடு சேர்த்துக் கழற்றி வைத்ததாகச் சொன்னான். பெல்ட்டைப் பிடித்துப் பரிசோதித்த நான், கோவிலுக்குள் வந்த கத்தியைப் பார்க்கவில்லை.

அந்த பெல்ட்டில் டங்கனின் தகப்பன் காலத்து ஓட்டைகள் ஐந்து. ஆறாவது, கொஞ்சம் கோணலாக இருப்பது, என்னுடையது.